கரிந்த துணியில் ஒரு குறி

2018 ஜனவரி 1, காலை ஏழு மணி. மட்டாஞ்சேரியில் ஒரு சந்து முனையில், முந்தின இரவு எரித்த பப்பாஞ்ஞியின் சாம்பலில் இன்னும் சூடு இருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைக் குச்சியால் கிளறினார். உள்ளங்கையகல வெள்ளைத் துணி ஒன்று, ஓரமெல்லாம் கரிந்து, குச்சியில் தொத்திக்கொண்டு வந்தது. மூலையில் சிவப்பு நூலில் இரண்டு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு புள்ளி. அவர் கையால் போட்ட குறி.

மூன்று நாளாக அவர் தூங்கியிருக்கவில்லை. டிசம்பர் 28 அன்று காயப்போட்ட ஹோட்டல் துணியில் 14 படுக்கை விரிப்புகள் கணக்கில் குறைந்திருந்தன.

பப்பாஞ்ஞி என்பது கொச்சிக்காரர்களின் பழைய வருடக் கிழவன். வைக்கோலும் சாக்கும் திணித்து, கோட்டும் தாடியும் வைத்து நிறுத்தி, டிசம்பர் 31 நள்ளிரவில் கொளுத்துவார்கள். கடற்கரைப் பக்கம் நடக்கும் பெரிய எரிப்பைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் அலைமோதும். சந்துகளில் பையன்கள் சேர்ந்து செய்யும் சின்னப் பப்பாஞ்ஞிகள் தனி. யாருடையது உயரம் என்று சந்துக்குச் சந்து போட்டி. அந்த வருடம் நாலு பையன்களுக்குத் தங்கள் கிழவனுக்கு நீளமான வெள்ளை அங்கி போட ஆசை வந்துவிட்டது.

வெள்ளைத் துணி எங்கே கிடைக்கும் என்று மட்டாஞ்சேரியை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ‘வெளி’ என்ற பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். கல், தொட்டி, கஞ்சி, நீலம், சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. வெளியே மைதானத்தில் முறுக்கிய கயிற்றுக் கொடிகள். கிளிப் கிடையாது, கயிற்றின் இரண்டு புரிகளுக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், எந்தக் காற்றுக்கும் விழாது. ஆனால் கையால் இழுத்தால் வந்துவிடும்.

பெரியவர் அந்தக் கரிந்த துண்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நாலு நாள் கழித்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அது டீச்சரின் மேசைக்கு வந்தது.

டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவரில்லை. பையன்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அவர்களுடைய அம்மாக்களும் கூப்பிட்டு, பிறகு போலீஸ்காரர்களும் கூப்பிட்டு நிலைத்துவிட்ட பெயர். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கெழுதிய தமிழரின் மகள். களமசேரியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு 1994-ல் இந்த வேலைக்கு வந்தார். சட்டத்தோடு உரசிக்கொண்ட பிள்ளைகளோடு 30 ஆண்டுகள். முதலில் ஒரு தொண்டு நிறுவனத்தில், நடுவில் சிறிது காலம் சிறார் நீதி வாரியத்தில் சமூக சேவகர் உறுப்பினராக, கடைசியில் மீண்டும் களத்தில். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை வைத்து எந்தப் பையன் எந்த வழக்கில் வந்தான் என்று சந்துக்காரர்கள் கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. வழக்குகளின் சில விவரங்களும் அதற்காகவே மாற்றப்பட்டுள்ளன.

அவர் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்று பெயர். சீரமைப்பு நீதி என்று தமிழில் சிலர் எழுதுகிறார்கள். டீச்சர் வாயில் அது எப்போதும் ‘உட்கார்ந்து பேசுறது’தான்.

அவர் வேலைக்கு வந்தபோது 1986-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பையன்களுக்கு 16 வயதுவரை, பெண்களுக்கு 18 வயதுவரைதான் சிறார் நீதிமன்றம். 16 முடிந்த பையன் பெரியவர்களோடு சேர்ந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பான். ரிமாண்ட் என்றால் சப் ஜெயில். பஜார் ரோட்டில் கிட்டங்கி வாசலில் சிந்திய மிளகை அள்ளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பையன், ஒரு நாள் ஒரு மூட்டையையே தூக்கிவிட்டான். அந்த வயதில் அவனுக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாது. ஜாமீனில் திரும்பி வந்தபோது தெரிந்திருந்தது. யார் கற்றுக்கொடுத்தது என்று டீச்சர் கேட்டதற்கு, உள்ளே ஒரு சேட்டன் ரொம்ப அன்பாக இருந்தார் என்று சொன்னானாம். அந்த ‘அன்பாக’ என்ற சொல் இன்னும் காதில் இருக்கிறது என்கிறார் டீச்சர். 2001 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் 18 என்று வயதை உயர்த்தியதை அவர் கொண்டாடியதற்கு அந்தப் பையன்தான் காரணம்.

எர்ணாகுளத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் பேசாத மேடை இல்லை என்றிருந்த காலம் அது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தையும் சிறைகளையும் கவனித்து, பிறகு உச்ச நீதிமன்றம்வரை போனவர். அவருடைய பிறந்த நாளான நவம்பர் 15-ஐத்தான் கேரள அரசு நன்னடத்தை தினமாகக் கொண்டாடுகிறது. டீச்சர் அவர் பேச்சைக் கேட்டு உற்சாகமாகத் திரும்பி வருவார். மறுநாள் காலையில் ஒரு பையனின் அம்மா வாசலில் நிற்பார். அந்த அம்மாவுக்கு என்ன செய்வது என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாத அந்த நாட்களில் டீச்சர் செய்த ஒரு தவறு உண்டு. அதை அவர் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு இளைஞரிடமும் சொல்லிவிடுவார்.

1997. ஒன்பதாம் வகுப்புப் பையன் சக மாணவனின் சைக்கிளைத் திருடி விற்றுவிட்டான். வழக்கு வேண்டாம், பள்ளியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று டீச்சர் தலைமையாசிரியரிடம் மன்றாடினார். அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: காலைப் பிரேயரில் மைக் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். டீச்சருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கோர்ட்டைவிட இது மேல்தானே என்று நினைத்தார். பையன் ஏறி நின்றான். முதல் வார்த்தை வரவில்லை. எண்ணூறு பிள்ளைகள். எங்கோ ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும். சைக்கிள் பறிகொடுத்த பையன்தான் அழுதான். அன்று மதியம் வீட்டுக்குப் போன மற்றவன் பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போய்விட்டான். பல வருடம் கழித்து ஒரு பஸ்ஸில் டீச்சரைப் பார்த்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டான். அது அவன் இறங்க வேண்டிய ஸ்டாப் இல்லை.

ஜான் பிரெய்த்வெயிட் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1989-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்தார். மனிதனை வெளியே தள்ளும் அவமானம் வேறு, உள்ளே திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வெட்கம் வேறு என்பது அவர் வாதம். அந்தப் புத்தகம் டீச்சர் கைக்குக் கிடைத்தபோது பஸ்ஸில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது; இரண்டு நாள் படிக்க முடியவில்லையாம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். வர வேண்டும். போலீஸ், கோர்ட் இல்லாமல் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்றால் அது கட்டப் பஞ்சாயத்துதானே? கேரளத்தில் அதற்கு ‘ஒத்துதீர்ப்பு’ என்று மென்மையான பெயர் இருக்கிறது. ஸ்டேஷன் மாடியில், கட்சி ஆபீஸில், சில சமயம் வழிபாட்டு இடங்களின் அலுவலகத்தில் அது தினமும் நடக்கிறது. டீச்சர் அப்படிப் பலவற்றுக்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். பெரிய மனிதர் ஒருவர் நடுவில் இருப்பார். அவர்தான் பேசுவார். அடிபட்டவனிடம், “போனது போகட்டும், அவனும் நம்ம பையன்தானே” என்பார். ஒரு தொகை கை மாறும். பையனின் மாமா கையெழுத்துப் போடுவார். பையன் வராந்தாவில் செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

“அதுல யாரு பேசணுமோ அவங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க” என்கிறார் டீச்சர். கோர்ட்டிலும் இதே கதைதான். பறிகொடுத்தவர் அங்கே சாட்சி, பையன் ஒரு வழக்கு எண். இருவருக்கும் நடுவில் வக்கீல்கள். என் பொருளை ஏன் எடுத்தாய், வேறு வீடு கிடைக்கவில்லையா, மறுபடி வருவாயா என்று பறிகொடுத்தவர் மனதில் ஓடும் கேள்விகளைக் கேட்பதற்கு அங்கே இடம் கிடையாது.

பெரியவரின் வழக்குக்கு வருவோம்.

நாலு பையன்களும் 14-லிருந்து 17 வயதுக்குள். மூன்று மதத்துப் பிள்ளைகள். மட்டாஞ்சேரியில் அது சொல்லிக்காட்ட வேண்டிய விஷயமே இல்லை. களவுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு என்பதால், 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். சிறார் செய்த கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. மற்றவற்றில் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் குடும்பப் பின்னணி பற்றி ஒரு படிவம் நிரப்பி வாரியத்துக்கு அனுப்பினால் போதும். பிள்ளை வீட்டுக்குப் போகலாம். அந்த ஸ்டேஷனில் குழந்தைகள் நல அதிகாரியாக இருந்தவர் அதைத்தான் செய்தார். டீச்சர் இதை அழுத்திச் சொல்கிறார். முப்பது வருட அனுபவத்தில் ஒரு பையனின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த முதல் இரவில் எந்த நோட்டில் எழுதுகிறார்கள் என்பதுதான். வாரியமும் நீதிபதியும் அதற்குப் பிறகு.

பெரியவர் வீட்டுக்கு டீச்சர் மூன்று முறை போனார். முதல் முறை அவர் பேசவில்லை, இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் முறை மருமகள் பேசினார்: ஹோட்டல்காரர்கள் விரிப்புக்கு 600 ரூபாய் வீதம் 8,400 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் முறைதான் பெரியவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“பணம் போச்சு, போகட்டும் டீச்சரம்மா. 38 வருஷமா என் கணக்குல ஒரு கைக்குட்டை குறைஞ்சதில்ல. அந்த மேனேஜர் பையன் என்னைப் பாத்து, வித்துட்டீங்களான்னு கேட்டான்.”

மூன்று சந்திப்பில் டீச்சர் தேடிப் போனது இந்த ஒரு வரியைத்தான். பையன்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்களிடம் தனித்தனியாகப் பேசியபோது நாலு பேரும் சொன்னது ஒன்றே: அது ஹோட்டல் துணி, ஹோட்டல்காரனுக்கு 14 விரிப்பு ஒரு கணக்கா. கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

ஏன் செய்தாய் என்று டீச்சர் எந்தப் பையனிடமும் கேட்பதில்லை. கேட்டால் பொய்தான் வரும். பாதி நேரம் அவனுக்கே தெரியாது. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? இதனால் யாருக்கெல்லாம் என்ன ஆச்சு? இப்போது என்ன செய்தால் சரியாகும்? உலகம் முழுக்க இந்த வேலையைச் செய்பவர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியில் பையன்கள் எப்போதும் தங்கள் அம்மாவைச் சொல்வார்கள். பறிகொடுத்தவரை யாரும் முதலில் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை வாசகசாலை மாடியில் உட்கார்ந்தார்கள். ஸ்டேஷன் இல்லை, பெரியவர் வீடும் இல்லை, பையன்கள் வீடும் இல்லை. இரு தரப்புக்கும் பொதுவான இடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேசை கிடையாது. நாலு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள் (மற்ற இருவரில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் எங்கே என்று தெரியாது), பெரியவர், மருமகள், சீருடை இல்லாமல் அந்தப் போலீஸ் அதிகாரி. அப்பாக்களைப் பையன்களுக்குக் கை எட்டாத தூரத்தில் உட்காரவைப்பது டீச்சரின் வழக்கம். அன்றும் ஒருவர் பாதியில் எழுந்து மகனை அடிக்கப் பாய்ந்தார். பெரியவர்தான் தடுத்தார்.

“உக்காருங்க. அடிச்சா அவனுக்குக் கணக்குத் தீந்துபோகும். எனக்குத் தீராது.”

டீச்சர் திருப்பிக் கொடுத்திருந்த அந்தக் கரிந்த துண்டைப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வட்டத்தில் கொடுத்தார். கையிலிருந்து கைக்குப் போயிற்று. அந்தக் குறியை எப்படிப் போடுவார்கள், ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு குறி எப்படி, தன் அப்பா காலத்தில் சேராங்கொட்டைச் சாறு தொட்டுப் போட்டது, தன் கையெல்லாம் வெந்தது என்று அவர் நிதானமாகச் சொன்னார். பிறகு மேனேஜர் கேட்ட கேள்வியைச் சொன்னார். மலையாளமும் தமிழும் கலந்து அவர் பேசியதைப் பையன்கள் தலை குனிந்து கேட்டார்கள். பெரிய பையன்தான் கடைசியில் வாய் திறந்தான். “அப்பூப்பா, நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்று சொன்னார்களா?” அந்த ஒன்றைத்தான் கேட்டான். ஆமாம் என்றார் பெரியவர். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த மாதிரி மௌனம் வரும்போது புதிதாக வரும் ஊழியர்கள் பயந்துபோய் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவார்கள். டீச்சர் தன் விரல்களை எண்ணிக்கொண்டு இருப்பாராம்.

என்ன செய்தால் சரியாகும் என்ற கேள்வி வந்தபோது ஓர் அம்மா, நாலு பேரும் ஒரு மாதம் தோபி கானாவில் துணி துவைக்கட்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். டீச்சரும் அதை எழுதத் தொடங்கிவிட்டார். பெரியவர் முகம் மாறியதை மருமகள்தான் கவனித்தார்.

“எங்க தொழில் உங்க பிள்ளைங்களுக்குத் தண்டனையா?” என்று பெரியவர் கேட்டார்.

டீச்சர் எழுதியதை அடித்தார். முப்பது வருடத்தில் தன்னை யாரும் இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை என்கிறார். சிறுவர்களுக்குக் கொடுக்கும் சமூகப் பணி இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. அந்த விதியைப் பையன்களின் பக்கத்திலிருந்து மட்டுமே அவர் படித்திருந்தார். பெரியவர் பக்கத்திலிருந்து படித்ததில்லை.

கடைசியில் எழுதியது இது: நாலு பேரும் பெரியவரோடு ஹோட்டலுக்குப் போய், மேனேஜரிடம் நேரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் 2,100 ரூபாய் தர வேண்டும். ஒரு அம்மாவால் முடியாது என்பதால் அவருக்கு மாதம் 300 வீதம் ஏழு மாதம். நாலு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் பையன்கள் தோபி கானாவுக்கு வர வேண்டும்; பெரியவர் சொல்லியபடி, ‘வேலை கற்றுக்கொள்ள’ என்று எழுதப்பட்டது. வாரியம் அதை ஏற்று, அறிவுரை கூறி வழக்கை முடித்தது. ஹோட்டலுக்குப் போன அன்று மேனேஜர் பெரியவரிடம் எழுந்து நின்று பேசினார் என்று மருமகள் சொன்னார். ஏழாவது மாதத் தவணையைப் பெரியவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்படி முடிந்ததைப் படிக்க நன்றாக இருக்கிறது. இந்த முறையைப் பற்றிச் சொல்லப்படும் பழைய கதைகளும் அப்படித்தான். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து எல்மைரா என்ற சிறு ஊரில் 1974-ல் குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் கண்ணாடி உடைத்து, டயர் கிழித்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர், அவர்களை வீடு வீடாக அழைத்துப் போய்ப் பேசவைக்கலாமே என்று நீதிபதியிடம் சொல்லிப் பார்த்தார். போனார்கள், நஷ்டத்தைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ரஸ் கெல்லி பின்னாளில் இதே துறையில் வேலை செய்தார். நியூசிலாந்து 1989-ல், தங்கள் பிள்ளைகள் குடும்பத்திடமிருந்து பறிக்கப்படுவதாக மாவோரி மக்கள் வைத்த குற்றச்சாட்டுக்குச் செவிகொடுத்து, குடும்பக் கூட்டத்தையே சட்டத்தின் நடுவில் வைத்தது. கேரளத்தில் 2016-ல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ‘காவல்’ திட்டம் வந்தபோது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு பயிற்சிகள் நடந்தன. அந்த நாட்களில்தான் டீச்சர் இந்தக் கதைகளை முறையாகப் படித்தார். படித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: எல்மைராவில் எத்தனை நாள் ஆயத்தம் செய்தார்கள்?

நம் சட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடம் குறைவு. நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் பிள்ளைகளைக் கையாள்வதை ஊக்குவிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு கொள்கையாகச் சொல்கிறது. குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் 18-ஆம் பிரிவில் இருக்கின்றன. பறிகொடுத்தவரை அழைத்து உட்காரவைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கிடைத்த சந்துகளில் நுழைந்துதான் டீச்சர் போன்றவர்கள் வேலை செய்கிறார்கள். 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் களவில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூகப் பணி என்று பெரியவர்களுக்கும் வழி செய்தபோது, பிள்ளைகளுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது இப்போது பெரியவர்களுக்கும் கிடைத்திருக்கிறது என்று அவர் மகிழ்ந்தார்.

அவருக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. சிறு குற்ற விசாரணையை நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், மேலும் இரண்டு மாதம் நீட்டலாம், அதற்கும் முடியாவிட்டால் வழக்கு தானாக முடிந்துபோகும் என்பது சட்டம். பிள்ளையைக் காக்க எழுதிய நல்ல விதி. நடப்பது என்னவென்றால், மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாட்டுக்கு இரண்டு பஸ் மாறி, கூலி போன அம்மாவும் பையனும் வாரியத்துக்கு நாலைந்து முறை அலைவார்கள். சாட்சி வரமாட்டார், அறிக்கை வராது. ஆறு மாதம் ஆகும், கோப்பு மூடப்படும். பையனுக்குத் தான் என்ன செய்தோம் என்பது புரிந்திருக்காது, தப்பித்தோம் என்பது மட்டும் புரியும். பறிகொடுத்தவருக்கு வழக்கு முடிந்தது என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு டீக்கடைக்காரர் இரண்டு வருடம் கழித்து டீச்சரிடம், என் கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டார். அவர் பெட்டியை உடைத்த பையன் அப்போது எதிர் வரிசையில் பழம் விற்றுக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசிவிட முடியும் என்று டீச்சர் நம்பவில்லை. பாலியல் குற்றங்களை அவர் தொடுவதில்லை. போக்சோ சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. பறிகொடுத்தவர் அந்தப் பையனையோ அவன் குடும்பத்தையோ கண்டு இன்னும் பயந்துகொண்டிருந்தால் கூட்டம் கிடையாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து உடன்படித்த மாணவர்கள் வெட்டிய செய்தி வந்தபோது, தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், இதற்கெல்லாம் உங்கள் முறை உதவுமா என்று கேட்டாராம். அந்தப் பையனை அவர்களோடு ஒரே வட்டத்தில் உட்காரச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று டீச்சர் திருப்பிக் கேட்டார். சாதி நிற்கும் இடத்தில் வட்டமாக நாற்காலி போட்டாலும் அது வட்டமாகாது. அங்கே முதலில் பள்ளியும் ஊரும் மாற வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அதைப் பற்றித்தான்.

வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. செயின் பறிகொடுத்த ஓர் அம்மாள் டீச்சரை உள்ளே அழைத்து, சாயா கொடுத்து, “அவன் நல்லா வரட்டும், ஆனா அவன் முகத்தை நான் பார்க்கணுமா?” என்றார். பார்க்க வேண்டாம் என்று சொல்லி டீச்சர் எழுந்தார். அன்று அவர் அந்த அம்மாளை வற்புறுத்தியிருந்தால் அது ஒத்துதீர்ப்பாகியிருக்கும்.

தோற்றவையும் உண்டு. ஸ்கூட்டர் ஒன்றை எடுத்து ஓட்டி மோதிய பையன் ஒருவன் கூட்டத்தில் அழுதான், உரிமையாளரின் கடையில் மூன்று மாதம் கணக்குத் தவறாமல் உதவினான், பத்தாம் வகுப்பும் தேறினான். எட்டு மாதத்தில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளோடு பிடிபட்டான். அரை கிராமுக்குச் சற்று மேல். அரை கிராமுக்குள் இருந்தால் சட்டத்தில் அது சிறிய அளவு. தாண்டினால் கதை மாறிவிடும். டீச்சர் வேலைக்கு வந்த காலத்தில் பையன்கள் சைக்கிளும் மிளகும் எடுத்தார்கள்; பிறகு செல்போன்; இப்போது பொட்டலம். அதைக் கொடுத்தனுப்புகிறவர் எப்போதும் 18 வயதைத் தாண்டியவர். பிள்ளைகளை வைத்துப் போதைப்பொருள் கடத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு, ஆனால் பிடிபட்டவன் அந்தப் பெயரைச் சொல்லமாட்டான். 2011-ல் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் வந்த பிறகு மட்டாஞ்சேரியில் சுமை வேலை இன்னும் சுருங்கிப்போன குடும்பங்களில் ஒன்று அவனுடையது. அப்பா தலைச்சுமைத் தொழிலாளி, மகன் உடம்பில் அந்த வலு இல்லை. ஸ்கூட்டர்க்காரர் டீச்சருக்குப் போன் செய்து, மறுபடியும் உட்கார வேண்டுமானால் நான் வருகிறேன் என்றார். யாரோடு உட்கார்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. அவனுக்கு மருத்துவம்தான் முதலில் தேவைப்பட்டது.

2025 மார்ச்சில் டீச்சர் வீட்டுப் பக்கத்திலேயே அவரோடு சண்டைக்கு வந்தார்கள். கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில் மாணவர்கள் மோதியதில் அடிபட்ட பத்தாம் வகுப்புப் பையன் மார்ச் 1 அன்று இறந்தான். குற்றம் சாட்டப்பட்ட மாணவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத அனுமதிக்கப்பட்டபோது ஊரே கொதித்தது. நீங்கள் இதையும் ஆதரிக்கிறீர்களா என்று ஒரு பெண்மணி கேட்டார். பரீட்சை எழுதட்டும் என்றுதான் டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, இறந்த பிள்ளையின் தாயிடம் இதை என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரண்டையும் அவர் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது அவர் களத்துக்குப் போவது குறைந்துவிட்டது. முழங்கால் வலி; வாசகசாலை மாடிப்படி ஏறச் சிரமம். புதிதாக வந்த இருவருக்கு நாற்காலி போடுவதிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் தோபி கானாப் பக்கம் தவறாமல் போகிறார்.

பெரியவர் இன்னும் வேலை செய்கிறார். ஹோட்டல்களில் கிழிந்துபோனது என்று ஒதுக்கிவிடும் விரிப்புகளை வருடம் முழுக்கச் சேர்த்துவைக்கிறார். டிசம்பர் 25 தாண்டினால் சந்துப் பையன்கள் வந்து வாசலில் நிற்பார்கள். அவர்கள் இப்போது வேறு பிள்ளைகள்; 2018-ஐப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் இருக்கும் சிவப்பு நூலைச் சின்னக் கத்தரிக்கோலால் பிரித்து எடுத்துவிட்டு, எண்ணிக் கொடுக்கிறார். போன வருடம் ஒன்பது. நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.